'யூடியூப் புகழ்' தம்பிக்கு ஒரு வாழ்த்து

போஸ்டரில் தம்பியின் பெயர் வந்துவிட்டது. நாயகனின் முழங்காலுக்குக் கீழே, உற்றுப் பார்த்தால் தெரிகிற எழுத்தில்: 'யூடியூப் புகழ்' இன்னார். வீட்டில் ஒரே கொண்டாட்டம். அம்மா பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டுவிட்டு வந்தார். வருஷக்கணக்காக "போனை வெச்சுக்கிட்டு என்னத்தடா நோண்டிட்டே இருக்கிற" என்று கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, இப்போது பேக்கரியில் நாலு பேர் காதுபட "நம்ம பையன் சினிமாவுல இருக்கானுங்க" என்கிறார். எட்டு லட்சம் பேர் பார்க்கிற சேனல் நடத்தியபோது அவன் வேலைவெட்டி இல்லாதவன். ஒரு படத்தில் எட்டு நிமிஷம் தலைகாட்டியதும் கலைஞன்.

தம்பிக்குப் பெயர் வைக்கப்போவதில்லை. வைத்தால் யாரோ ஒருவரைச் சொன்னதாக ஆகிவிடும். ஈரோட்டிலும் மதுரையிலும் சாலிகிராமத்து மொட்டைமாடி அறைகளிலும் அவன் பல பேராக இருக்கிறான். ஒரு கேமரா, ஒரு காலர் மைக், மாமா வீட்டிலிருந்து இரவல் வாங்கிய வேட்டி, பக்கத்து வீட்டு அக்காவின் நைட்டி, நாலு நண்பர்கள். இதை வைத்துக்கொண்டு வார்டு கவுன்சிலர் முதல் பிரதமர் வரை எல்லோரையும் கிண்டலடித்தான். சிரித்தோம், ஃபார்வர்டு செய்தோம். இப்போது அவன் சினிமாவுக்குப் போகிறான். அதற்கும் கைதட்டுகிறோம்.

தமிழ்நாட்டில் கலைக்கும் ஒரு வருணாசிரமம் உண்டு. தலையில் சினிமா, தோளில் டிவி, தொடையில் யூடியூப், காலடியில் தெருக்கூத்தும் நாடகமும். மேலே ஏறினால் 'வளர்ந்துட்டான்', கீழே இறங்கினால் 'மார்க்கெட் போச்சு'. ஏறியவன் எதை விட்டுவிட்டு ஏறினான் என்று கேட்கிற வழக்கம் நமக்கு இல்லை. எனக்கு அந்தக் கேள்விதான் தொண்டையில் நிற்கிறது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிடுகிறேன்.

இசை வெளியீட்டு மேடையில் அவனை 'இண்டிபெண்டன்ட் கிரியேட்டர்' என்று அறிமுகப்படுத்தினார்கள். எவ்வளவு இண்டிபெண்டன்ட் என்று பார்ப்போம். 1,000 பேர் சேர வேண்டும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அப்போதுதான் விளம்பரக் காசில் பங்கு என்று 2018-ல் யூடியூப் சொன்னது. தம்பி வீட்டுக்கு வந்த விருந்தாளி, கல்யாணத்தில் பார்த்த சித்தப்பா என்று ஒருவரையும் விடாமல் பெல் பட்டனை அழுத்தச் சொல்லிச் சேர்த்தான். பங்கு வந்தது. நீள வீடியோவுக்கு 55 சதவீதம் அவனுக்கு, 45 சதவீதம் கம்பெனிக்கு. அந்த வரம்பை எட்டாதவர்களின் வீடியோவிலும் விளம்பரம் ஓட்டிக்கொள்வோம், அவர்களுக்குப் பைசா கிடையாது என்று 2020 நவம்பரில் விதியைத் திருத்தினார்கள். முதலில் அமெரிக்காவுக்கு, அடுத்த வருஷம் நமக்கும். உழைப்பு உன்னுடையது, விளம்பரம் என்னுடையது, காசும் என்னுடையதே என்று இவ்வளவு பச்சையாகச் சொன்ன முதலாளியை நம் ஊர் மில்களில்கூடப் பார்த்ததில்லை. மில்லில் சங்கமாவது இருந்தது.

நிலம் கூகுளுடையது. வாய்க்கால் கூகுளுடையது. மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்குத் தண்ணீர் விடுவது என்பதும் கூகுளுடையது. ஏரும் மாடும் மட்டும் தம்பியுடையது. அந்தக் காலத்துக் குத்தகைக்காரனுக்குப் பண்ணையாரின் முகமாவது தெரியும். திண்ணைக்கு எதிரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாவது கேட்கலாம். தம்பிக்கு வருவது ஒரு மின்னஞ்சல். அதற்குப் பதில் போட முடியாது, அனுப்பியவனுக்குப் பெயரும் இல்லை.

அந்த மின்னஞ்சலுக்குப் பயந்து தம்பி தமிழை என்ன பாடு படுத்தினான் என்பதைச் சொல்ல வேண்டும். யூடியூபில் வீடியோவுக்குப் பக்கத்தில் ஒரு டாலர் அடையாளம் இருக்கும். பச்சையாக இருந்தால் விளம்பரம் உண்டு. மஞ்சளாக மாறினால் விளம்பரம் சுருங்கிவிடும். எடிட்டிங் அறையில் அடிக்கடி கேட்கிற வாக்கியம், "மஞ்சள் விழுந்துரும்டா." மஞ்சளுக்குப் பயந்து 'கொலை' என்ற சொல்லின் மேல் 'பீப்' போட்டார்கள். எழுத்தில் 'கொ*லை' என்று நடுவில் நட்சத்திரம் வைத்தார்கள். தற்கொலைக்கு ஒரு நட்சத்திரம், ரத்தத்துக்கு ஒன்று, சாதிப் பெயருக்கு இரண்டு. எந்தச் சொல்லுக்கு மஞ்சள், எதற்குப் பச்சை என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரியாததால் எல்லாவற்றையும் அடைத்தார்கள்.

ஒரு பெண்ணைக் காதலித்ததற்காக ஒருவனை நடுத்தெருவில் வெட்டிக் கொன்ற செய்தியைப் பற்றித் தம்பி ஒரு வீடியோ போட்டான். அதில் 'வெட்டி' என்பதற்கு ஒரு பீப், 'கொன்ற' என்பதற்கு ஒரு பீப். கேட்பவனுக்கு அந்தப் பையனுக்கு ஏதோ ரயில் தவறிவிட்டது போலத் தோன்றும். அந்த வீடியோ ஆரம்பிக்கும் முன்னால் ஒரு நடிகர் வந்து ரம்மி ஆடுங்கள் என்று சிரித்துவிட்டுப் போவார். ரம்மியில் காசை விட்டவர்கள் தமிழ்நாட்டில் ஒருவர் பின் ஒருவராகத் தூக்கில் தொங்கிய வருஷங்கள் அவை. சட்டமன்றம் தடை மசோதா நிறைவேற்றி அனுப்பியது. ஆளுநர் அதை மாதக்கணக்கில் மேசையில் வைத்திருந்து, 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றி அனுப்பிய பிறகுதான் ஏப்ரலில் கையெழுத்து. செத்துப்போனதைச் சொன்ன வாய்க்கு பீப், சாகடித்த விளம்பரத்துக்கு ஒரு பீப்பும் இல்லை. விளம்பரதாரரின் மனம் புண்படக் கூடாது அல்லவா.

கம்பெனி ஒரு பக்கம் என்றால் அரசாங்கமும் பக்தர்களும் சாதிச் சங்கங்களும் மறுபக்கம். 2024 செப்டம்பரில் திருப்பதி லட்டு நெய் விவகாரம் கிளம்பியபோது 'பரிதாபங்கள்' சேனல் 'லட்டு பாவங்கள்' என்று ஒரு வீடியோ போட்டது. எதிர்ப்பு வந்ததும் நீக்கினார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள். ஆந்திரக் காவல்துறைக்குப் புகார் போனது. மறு வருஷம் ஜூலையில் பாளையங்கோட்டையில் நடந்த ஆணவக் கொலையை அடுத்து அதே சேனல் 'சொசைட்டி பாவங்கள்' போட்டது. கொன்றவனைக் கண்டித்து ஒரு வரி எழுத நேரமில்லாதவர்களுக்கெல்லாம், கிண்டல் செய்தவர்கள் மேல் நடவடிக்கை கேட்டு மனு எழுத நேரம் இருந்தது. அந்த மனுக்களின் தமிழைப் பார்த்தால் தெரியும், இவர்களுக்கு உயிர் போனது புண்படவில்லை, சிரிப்பு வந்ததுதான் புண்பட்டது.

இதெல்லாம்கூடக் கண்ணுக்குத் தெரிகிற எதிரி. தெரியாத எதிரி 69ஏ. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவின் கீழ் ஒரு சேனலை மூடலாம். ஏன் மூடினோம் என்பதை ரகசியமாக வைத்துக்கொள்ள 2009-ல் போட்ட விதியிலேயே இடம் இருக்கிறது. லக்னோவிலிருந்து இயங்கும் '4பிஎம்' என்ற இந்திச் செய்திச் சேனலுக்கு 70 லட்சத்துக்கும் மேல் சந்தாதாரர்கள். 2025 ஏப்ரல் இறுதியில் ஒரே நாளில் காணாமல் போனது. தேசப் பாதுகாப்பாம். ஆசிரியர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மே மாதம், தடையை நாங்களே விலக்கிக்கொண்டோம் என்றது அரசு. ஏப்ரலில் ஆபத்தில் இருந்த தேசம் மே மாதத்தில் எப்படிப் பத்திரமானது என்று யாரும் விளக்கவில்லை. விளக்கினால் ரகசியம் கெட்டுவிடும்.

டிக்டாக் காலத்து ஆட்களைக் கேளுங்கள். 2020 ஜூன் 29 மாலை ஒரு உத்தரவு, 59 செயலிகள் அவுட். கிராமத்துப் பெண்கள், திருநங்கைகள், கொத்தனார்கள், மீன் விற்பவர்கள் என்று வேறெங்கும் முகம் காட்ட முடியாதவர்கள் கட்டி வைத்திருந்த கூட்டம் விடிவதற்குள் கலைந்தது. சீனாக்காரனைத் தண்டிப்பதாகச் சொன்னார்கள். தண்டனையை அனுபவித்தது வாடிப்பட்டிக்காரி.

ஆக, தம்பி யூடியூபை விட்டுப் போனதற்கு நான் குறை சொல்லமாட்டேன். இத்தனைக்கு நடுவில் நாலைந்து வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிசு. ஆனால் எங்கே போகிறான்?

போகிற இடத்தின் லட்சணத்தை அந்த லட்டு வாரமே காட்டிவிட்டது. ஹைதராபாத்தில் 'மெய்யழகன்' பட விழாவில் தொகுப்பாளினி லட்டைப் பற்றிக் கேட்க, அது இப்போது சென்சிட்டிவான விஷயம், வேண்டாம் என்று சிரித்து ஒதுங்கினார் நடிகர் கார்த்தி. அதற்கே ஆந்திரத் துணை முதல்வர் பவன் கல்யாண் கண்டித்தார். கார்த்தி மன்னிப்புக் கேட்டார். கிண்டல் செய்தவன் மன்னிப்புக் கேட்டால் புரிகிறது. கிண்டல் செய்யமாட்டேன் என்று சொன்னவனும் மன்னிப்புக் கேட்க வேண்டிய துறைக்குத்தான் தம்பி சூட்கேஸோடு போய் இறங்கியிருக்கிறான்.

சாலிகிராமத்தில் ஒரு அலுவலகம். சுவரில் சாய்பாபா, அதற்குக் கீழே ஒரு நூறாவது நாள் கேடயம், ஏசி குளிரில் கிரீன் டீ. தம்பி கதை சொல்கிறான். காட்சி என் கற்பனைதான். ஆனால் கோடம்பாக்கத்தில் கதை சொல்லப் போன யாரையாவது பிடித்துக் கேளுங்கள், வசனம் ஒன்றிரண்டு மாறும், அவ்வளவுதான்.

"சார், ஒரு கிராமம். ரெண்டு தெரு. நடுவுல ஒரு தண்ணி டேங்க். ஒருநாள் காலையில அந்த டேங்க்ல..."

"டேங்க் வேண்டாம் தம்பி. புதுக்கோட்டை மேட்டர் ஞாபகம் வரும். சென்சிட்டிவ். கிணறு வெச்சுக்கலாமே?"

"கிணறா சார்?"

"கிணறுன்னா விஷுவலா நல்லாருக்கும். அப்புறம் ரெண்டு தெரு எதுக்கு? செட்டுச் செலவு. ஒரே தெரு போதும்."

"ஒரே தெருன்னா பிரச்சினையே இல்லையே சார்?"

"அதனாலதான் சொல்றேன், கிணத்துல பேய் வெச்சுக்கலாம். இப்ப ஹாரர் காமெடிதான் ஓடுது. ஹீரோவா யாரு மைண்டுல இருக்கு?"

"நான்தான் சார், சேனல்ல இதே மாதிரி ஒரு..."

"நீங்க ஃப்ரெண்டு பண்ணுங்க தம்பி. உங்களுக்குக் காமெடிதானே நல்லா வருது. சேனல்ல சப்ஸ்கிரைபர் எவ்வளவு?"

"எட்டு லட்சம் சார்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த இணைத் தயாரிப்பாளர் அதுவரை வாயைத் திறக்கவில்லை. போனில் கால்குலேட்டரைத் திறந்தார். "எட்டு லட்சம் பேரு, தலைக்கு 150 ரூவா டிக்கெட். 12 கோடி. பாதிப் பேரு வந்தாக்கூட ஆறு."

ரெண்டு தெருவை ஒரே தெருவாக்கியதைக் கவனித்தீர்களா? அம்பேத்கரும் பெரியாரும் வாழ்நாள் முழுக்கப் போராடியும் முடியாத காரியத்தை ஒரு ஆர்ட் டைரக்டர் பட்ஜெட் ஒரே மதியத்தில் முடித்துவிட்டது. புதுக்கோட்டைப் பக்கத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். சிபிசிஐடி இரண்டு வருஷத்துக்கும் மேல் விசாரித்து, பாதிக்கப்பட்ட அதே சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. இதைவிடப் பெரிய பேய்க்கதையை எந்தத் தயாரிப்பாளரும் எழுத முடியாது. ஆனால் அதைப் படமெடுக்க முடியாது, சென்சிட்டிவ்.

எதையும் நீர்க்கவிடாமல், சேனலில் பேசியதையே படத்தில் பேசுகிறேன் என்று பிடிவாதமாக இருந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு உதாரணம் உண்டு. யூடியூபில் படங்களைக் கிழித்துத் தோரணம் கட்டிய 'புளூ சட்டை' மாறன் 'ஆன்டி இண்டியன்' என்று ஒரு படம் எடுத்தார். கொலையான ஒருவனின் பிணம் எந்த மதத்துக்குச் சொந்தம் என்று ஊரே அடித்துக்கொள்கிற கதை. அவருடைய விமர்சனங்கள்மேல் ஆயிரம் புகார் சொல்லலாம், எனக்கே உண்டு. ஆனால் தன் வாயை வாசலில் கழற்றி வைத்துவிட்டு அவர் உள்ளே போகவில்லை. தணிக்கை வாரியம் முதலில் சான்றிதழே மறுத்தது. பிறகு வெட்டுகளின் பட்டியல் வந்தது. முன்பெல்லாம் இப்படி ஒரு தயாரிப்பாளருக்கு மேல்முறையீடு செய்ய ஒரு தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு அவசரச் சட்டத்தில் அந்தத் தீர்ப்பாயத்தையே கலைத்துவிட்டது. இனிமேல் நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போ, வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இருந்தால். படம் டிசம்பர் 10-ல்தான் திரைக்கு வந்தது.

சின்னப் படத்துக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். 2026 ஜனவரி 9-ல் வரவேண்டிய விஜயின் 'ஜன நாயகன்' சான்றிதழ் கிடைக்காமல் தேதி தள்ளிப்போனது. கட்சித் தலைவர், உச்ச நட்சத்திரம், பொங்கல் வெளியீடு, எல்லாத் தியேட்டரும் கையில். அவருக்கே அந்த வரிசை என்றால், 'யூடியூப் புகழ்' தம்பி எந்த வரிசையில் நிற்பான்?

சான்றிதழ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 200-க்கும் மேல் தமிழ்ப் படங்கள் வருகின்றன. வெள்ளிக்கிழமைகளோ 52. தம்பியின் படத்தோடு இன்னும் நாலு படம். கிடைப்பது காலை பத்தரை மணிக் காட்சி, அதுவும் பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஓட்டுவார்கள். திங்கட்கிழமை படம் எடுக்கப்பட்டுவிடும். ஓடிடிக்காரர்கள் சின்னப் படங்களை வாங்கிக் குவித்த காலம் கொரோனாவோடு போயிற்று. இணைத் தயாரிப்பாளரின் 12 கோடி எங்கே என்று கேட்காதீர்கள். சேனலின் எட்டு லட்சம் பேரும் அன்றைக்கு, படம் யூடியூபில் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் தயாரிப்பாளர்களின் நியாய உணர்ச்சியைப் பாராட்டாமல் போனால் பாவம். 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒரு அறிக்கை விட்டது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' படங்களெல்லாம் அடிவாங்கியதற்கு யூடியூப் விமர்சனம்தான் காரணமாம். தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி மக்கள் கருத்துக் கேட்பதைத் தடுக்க வேண்டுமாம். அத்தோடு நிற்காமல், படம் வெளியாகி முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. இதே ஆட்கள்தான் படம் வெளியாகும் வாரம் நடிகர் நடிகைகளைச் சேனல் சேனலாக அனுப்பிப் பிரியாணி கிண்டவைக்கிறார்கள், கண்ணைக் கட்டி ஊறுகாய் ஊட்டுகிறார்கள், பேய் அனுபவம் சொல்லச் சொல்கிறார்கள். மைக் நடிகரின் வாய்க்கு நேராக இருந்தால் புரமோஷன். 150 ரூபாய் கொடுத்துப் படம் பார்த்தவனின் வாய்க்கு நேராகத் திரும்பினால் சதி. டிரெய்லரில் பத்து விநாடியை எடுத்துக் கிண்டல் செய்தால் காப்பிரைட் ஸ்டிரைக். மூன்று ஸ்டிரைக்கில் சேனலே போய்விடும். அடித்தவரிடமே போய்த் தம்பி "சார், ஒரு கதை இருக்கு" என்று நிற்கிறான்.

பிரதீப் ரங்கநாதன் இல்லையா என்று கேட்பீர்கள். கேட்காமல் இருக்கமாட்டீர்கள், கோடம்பாக்கத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு தம்பியின் அப்பாவுக்கும் அவன் சொல்லி வைத்திருக்கிற பதில் அது. 'அப்பா லாக்' என்று அவர் எடுத்த ஒரு குறும்படம், காதலர்கள் போனை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்ற ஒற்றை யோசனை. அது 2022-ல் 'லவ் டுடே' ஆகிச் சில கோடிகளில் எடுக்கப்பட்டுப் பல மடங்கு வசூலித்தது. அதற்குப் பத்து வருஷம் முன்னால் பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' குறும்படமாக யூடியூபில் ஓடிப் படமாகவும் ஆனது. இரண்டும் கெட்டிக்காரத்தனமான படங்கள், மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் காதல். காதலர்களுக்குச் சங்கம் கிடையாது, மனுக் கொடுக்கமாட்டார்கள். யூடியூபிலிருந்து சினிமாவுக்குப் போகிற வாசல் காதலுக்கும் பேய்க்கும் திறந்தே இருக்கிறது. அரசியல் கிண்டலோடு ஒருவன் அந்த வாசலில் நின்றால்தான் வாட்ச்மேனுக்கு விழிப்பு வரும்.

சமையலுக்கும் திறந்திருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-ல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. மறு வருஷம் கமலின் 'விக்ரம்' படத்தில் சமையல்காரர்களாகவே வந்தார்கள், தியேட்டரில் விசில் பறந்தது. வந்தார்கள், தலைகாட்டினார்கள், ஊருக்குத் திரும்பி அடுத்த ஆட்டை உரித்தார்கள். இந்தத் துறையிலேயே புத்திசாலிகள் அவர்கள்தான். அவர்கள் வீடியோவில் ஆட்டைத் தவிர யாரும் புண்படுவதில்லை.

ஊடகம் விட்டு ஊடகம் தாவியவர்கள் நமக்குப் புதிதல்ல. எம்.ஆர். ராதா முப்பதுகளிலேயே சில படங்களில் நடித்துவிட்டு நாடக மேடைக்கே திரும்பியவர். திருவாரூர் தங்கராசு எழுதி, ஊர் ஊராக அவர் போட்ட 'ரத்தக்கண்ணீர்' 1954-ல் படமானது. குஷ்டம் பிடித்த நாயகனாக உட்கார்ந்துகொண்டு பணக்காரன், பக்தி, பெரிய மனிதத்தனம் என்று ஒன்றையும் விடாமல் குதறினார். மேடையில் பேசிய அதே குரல், அதே ஏளனம். படத்துக்குப் போகும்போது நாக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போன மனிதர். அதே 1954-ல்தான் சென்னைச் சட்டசபை நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது யாரைக் குறிவைத்தது என்பது அன்றைக்கு நாடகக் கொட்டகையில் முறுக்கு விற்றவருக்கும் தெரியும். ராதா சட்டத்துக்குப் பயந்து பேய் நாடகம் போடவில்லை. 1979-ல் அவர் இறந்தபோதும் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. எழுத்தாளர் ஞாநி தன் 'பரீக்ஷா' குழு நாடகம் போடப் போலீஸிடம் பிரதியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமா என்று வழக்குப் போட்டார். 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாது என்றது. 59 வருஷம் ஒரு கிண்டலுக்குப் பயந்து வைத்திருந்த சட்டம்! இன்றைக்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. ஒரு மஞ்சள் டாலரும் ஒரு கதை விவாதமும் போதும்.

தம்பியை ராதாவோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான். ராதாவுக்குப் பின்னால் ஒரு இயக்கம் இருந்தது. டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்த ஜனம் இருந்தது. தம்பிக்குப் பின்னால் நாம் இருந்தோம். நம்முடைய யோக்கியதை என்ன? அவன் சேனலில் 'ஜாயின்' என்று ஒரு பட்டன் இருந்தது. மாதம் ஒரு சின்னத் தொகை. அதில் 30 சதவீதத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டாலும் மீதி நேராக அவன் கைக்குப் போகும், எந்த ரம்மிக்காரனையும் நத்திப் பிழைக்க வேண்டியதில்லை. அழுத்தினோமா? விளம்பரத்தை ஐந்தாவது விநாடியில் தள்ளிவிட்டோம். வீடியோவை இறக்கி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டோம், அவன் சேனல் பெயரை வெட்டிவிட்டு. அவன்மேல் புகார் போன அன்றைக்கு, "நல்ல வீடியோ ப்ரோ, ஆனா இதைத் தவிர்த்திருக்கலாம்" என்று புத்தி சொன்னோம். அவன் பேயோடு ஆடிய பாட்டுக்கு ரீல்ஸ் போட்டதும் நாமேதான். ஆட்சியில் இருக்கிறவனுக்கு இதைவிட லாபமான ரசிகர் மன்றம் உலகத்தில் கிடையாது.

சேனலில் கடைசி வீடியோ போட்டு மாசக்கணக்காகிறது. எடிட்டர் பையன் கல்யாண வீடியோவுக்குப் போய்விட்டான், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கையில் கிடைக்கிறதாம். வசனம் எழுதியவன் ஒரு கட்சியின் ஐடி விங்கில் சேர்ந்திருக்கிறான். எதிர்க்கட்சியை மட்டும் கிண்டல் செய்கிற வேலை, மாதச் சம்பளம். பக்கத்து வீட்டு அக்கா நைட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

தம்பி, போவதென்றால் போ. வயிறு இருக்கிறது, வாடகை இருக்கிறது, பெரியப்பா வேறு இருக்கிறார். போகும் முன் ஒரே ஒரு காரியம் செய். சேனலில் உள்ள அத்தனை வீடியோவையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் இறக்கி வை. கூகுள் டேக்அவுட்டில் போய்க் கேட்டால் தருவார்கள், அதற்கு இன்னும் காசு கேட்க ஆரம்பிக்கவில்லை. பீப் போடாத பிரதி லேப்டாப்பில் கிடந்தால் அதையும் சேர்த்துக்கொள். மனு வந்ததும் நீ பயந்துபோய் அழித்தாயே, அந்த வீடியோவும் உன்னிடம் இருந்தால் முதலில் அதைப் பத்திரப்படுத்து.